முதலில் மனு, அப்புறம் கடைவீதி: டிசைன் பதிவு என்றால் என்ன, எப்படிச் செய்வது?

ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்துக்கொள்வோம். மூன்று அடுக்கு, மேலே பிடி, இரு பக்கமும் பட்டை, மூடியை அமுக்கிப் பிடிக்க ஒரு கிளிப். இத்தனை காலம் புழங்கிய பொருளில் புதிதாக என்ன செய்துவிட முடியும் என்று தோன்றலாம். ஒரு பட்டறைக்காரர் அடுக்குகளை நேர் உருளையாக விடாமல், நடு அடுக்கு பருத்து மேல் அடுக்கு குவிந்து, பூட்டி நிறுத்தினால் தாமரை மொட்டுப் போலத் தெரியும்படி டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) போடுகிறார். கடையில் பத்துக் கேரியர் வரிசையாக இருந்தாலும் வாங்க வந்தவர் கண் அதில்தான் போய் நிற்கிறது. கண்ணை இழுக்கிற அந்தத் தோற்றத்துக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்புதான் டிசைன் பதிவு.

அந்தக் கேரியரில் வேறு உரிமைகளும் இருக்கலாம். ஒன்றையொன்று குழப்பிக்கொள்வதில்தான் பலருடைய பணமும் காலமும் வீணாகின்றன. சாம்பார் சிந்தாமல் மூடியை இறுக்கும் கிளிப்பின் இயக்கம் புதிதென்றால் அதற்குக் காப்புரிமை கேட்க வேண்டும். அடியில் பொறித்த பெயருக்கும் முத்திரைக்கும் டிரேட்மார்க். ஓர் ஊரோடு ஒட்டிப் பேர் வாங்கிய பொருளுக்குப் புவிசார் குறியீடு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் இருப்பது அதுதான். அது அந்த ஊரில் அந்தத் தொழிலைச் செய்கிற எல்லோருக்கும் பொதுவானது. டிசைன் பதிவோ ஒரு குறிப்பிட்ட தோற்றத்தை உருவாக்கிய ஒருவருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரியது. தலைமுறை தலைமுறையாக வார்க்கப்படும் குத்துவிளக்கின் தோற்றத்தை யாரும் தன் பெயரில் பதிந்துகொள்ள முடியாது. அதில் புதிதாக ஒரு உருவம் கொண்டுவந்தால், அந்தப் புதிய தோற்றத்துக்கு மனு போடலாம்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டம். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2001 மே 11 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி டிசைன் என்பது ஒரு பொருளின் வடிவம், உருவமைப்பு, கோலம், அலங்காரம், கோடுகளின் அல்லது வண்ணங்களின் சேர்க்கை. அது தொழில்முறையில் ஒரு பொருள்மேல் ஏற்றப்பட வேண்டும். தயாரான பொருளில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கண்ணால் மட்டுமே மதிப்பிடப்பட வேண்டும். இந்தக் கடைசிச் சொற்களில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பொருளைப் பிரித்தால் மட்டும் தெரியும் உள்பாகம், வேலைக்காக அப்படித்தான் இருந்தாக வேண்டிய திருகு மரை, கட்டுமான முறை இவையெல்லாம் டிசைன் ஆகாது. காலண்டர், வாழ்த்து அட்டை, லேபிள், தபால்தலை, வரைபடம், கட்டடம் ஆகியவற்றையும் அலுவலகம் ஏற்பதில்லை. ஒரு பொருளின் பாகத்தைப் பதிய வேண்டுமானால் அது தனியாகச் செய்து தனியாக விற்கக்கூடியதாக இருக்க வேண்டும். கேரியரின் பிடியை உதிரியாக விற்க முடியுமென்றால் அதற்குத் தனி மனு போடலாம். அடுக்கின் விளிம்பு வளைவுக்கு மட்டும் போட முடியாது.

புதுமை: இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்

மனு போடும் நாளுக்கு முன் அந்த டிசைன் இந்தியாவிலோ வேறெந்த நாட்டிலோ அச்சிலோ, விற்பனையிலோ, வேறு எந்த வழியிலோ வெளியே தெரிந்திருந்தால் பதிவு கிடையாது. 'வேறு எந்த வழியிலோ' என்பதில் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படமும் அடக்கம். இன்ஸ்டாகிராம் ரீல், டீலருக்கு அனுப்பிய கேட்லாக், ஆன்லைன் கடையில் ஏற்றிய படம் எல்லாமே வெளியீடுதான். அதைச் செய்தது உரிமையாளரே என்றாலும் சலுகை இல்லை. சில நாடுகளில் உரிமையாளர் தானே வெளியிட்ட பின்னும் மனு போட அவகாசம் தருகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. 'சந்தையில் விட்டுப் பார்ப்போம், ஓடினால் பதிவோம்' என்பது வியாபாரத்தில் நல்ல யோசனையாக இருக்கலாம், டிசைன் விஷயத்தில் அதைவிடப் பெரிய தவறு இல்லை. எந்த மாடல் நன்றாக ஓடுகிறதோ அதைத்தான் காப்பியடிப்பார்கள். அந்த மாடலுக்குத்தான் உங்கள் கையில் பதிவு இருக்காது.

க்ராக்ஸ் செருப்பு வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தச் செருப்பின் டிசைன் இந்தியாவில் பதிவாகியிருந்தது. அதே போலச் செய்தவர்கள்மேல் நிறுவனம் வழக்குப் போட்டது. அதே போன்ற செருப்பு பதிவுக்கு முன்பே ஓர் இணையதளத்தில் வெளியாகியிருந்தது என்ற வாதத்தை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்று, இடைக்காலத் தடை தர மறுத்தது. பதிவுச் சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது.

அப்படியானால் டை போடுபவரிடம் காட்டாமல் எப்படிப் பொருள் செய்வது? சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. நம்பிக்கையின் பேரில், ரகசியம் காக்க வேண்டிய நிலையில் இருப்பவரிடம் காட்டுவது வெளியீடு ஆகாது. அவர் நம்பிக்கைத் துரோகம் செய்து வெளியே விட்டாலும் அது உங்கள் மனுவைக் கெடுக்காது. ஆனால் ரகசியமாகத்தான் காட்டினேன் என்று பின்னால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். டை பட்டறை, பாலிஷ் போடுபவர், படம் வரைபவர், போட்டோ எடுப்பவர் ஒவ்வொருவரிடமும் அரைப் பக்கக் கடிதத்தில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 'இந்த டிசைனை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன், வேறு யாருக்கும் செய்து தர மாட்டேன்' என்ற இரண்டு வரி போதும். டை உங்களுடையதா, பட்டறைக்காரருடையதா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒரே டையில் இரண்டு பேருக்கு அடித்துக் கொடுப்பதில்தான் நிறையச் சண்டைகள் தொடங்குகின்றன.

பொருட்காட்சிக்கும் ஒரு விலக்கு உண்டு. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த பொருட்காட்சியாக இருக்க வேண்டும், காட்டும் முன்பே டிசைன் அலுவலகத்துக்கு உரிய படிவத்தில் தெரிவித்திருக்க வேண்டும், முதலில் காட்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். சங்கம் நடத்தும் ஊர்க் கண்காட்சி இதில் தானாக வந்துவிடாது. இந்த விலக்கை நம்பிப் போவதைவிடக் கண்காட்சிக்கு முந்தின வாரம் மனு போட்டுவிடுவதே நல்லது.

புதுமை என்பது பொருளோடு சேர்த்துப் பார்க்கப்படுவது. 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாரத் கிளாஸ் டியூப் வழக்கு இதற்கு நல்ல பாடம். கண்ணாடித் தகட்டில் வரும் ஒரு கோலத்தை ஒரு நிறுவனம் பதிந்திருந்தது. அந்தக் கோலம் செதுக்கிய உருளையைச் செய்தது ஒரு ஜெர்மன் நிறுவனம். கோலம் ஏற்கெனவே இருந்ததுதானே, பதிவை ரத்து செய்யுங்கள் என்றது எதிர்த்தரப்பு. அந்தக் கோலம் முன்பு கண்ணாடியில் ஏற்றப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்பதால் பதிவு செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் வட்டமாக இருந்ததைச் சற்று நீள்வட்டமாக்கினேன் என்பதெல்லாம் புதுமை ஆகாது. தெரிந்த டிசைன்களிலிருந்தும் அவற்றின் சேர்க்கையிலிருந்தும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு.

எனவே மனுவுக்கு முன் தேடல். அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவான டிசைன்களைக் கட்டணமின்றித் தேடலாம். பொருளின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பல தப்பிவிடும். டிபன் கேரியரை ஒருவர் 'லஞ்ச் பாக்ஸ்' என்றும் இன்னொருவர் 'கன்டெய்னர்' என்றும் பதிந்திருப்பார். பொருளின் வகையைக் குறிக்கும் வகுப்பு எண்ணைப் போட்டும் தேடுங்கள். வெளிநாட்டு ஆன்லைன் கடைகளில் படத்தைப் போட்டுத் தேடிப் பார்ப்பதும் பயன் தரும். எதிர்த்தரப்பு முதலில் தோண்டுவது அங்கேதான்.

சேலை டிசைன்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை

'நான் வரைந்த கோலம், எனக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு' என்று நினைத்துப் பதியாமல் விடுபவர்கள் அதிகம். வரைந்த தாளுக்குப் பதிப்புரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒரு கதவை மூடுகிறது. டிசைனாகப் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல் விட்டு, அதை ஏற்றிய பொருளை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை தீர்ந்துபோகிறது. விசைத்தறியில் ஒரு பார்டர் 51ஆவது சேலையைத் தாண்ட எத்தனை நாள் ஆகும்? எது கலைப்படைப்பு, எது டிசைன் என்ற கோட்டை எப்படிப் போடுவது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் விரிவாகச் சொன்னது. படைப்பு தன்னளவில் கலைப்படைப்பாகவே நிற்கிறதா, அல்லது தொழில்முறையில் பொருளில் ஏற்றப்பட்ட டிசைனாகிவிட்டதா என்பது முதல் கேள்வி. பதிப்புரிமையில் அடங்காது என்றால், அதன் முதன்மை நோக்கம் பயன்பாடா தோற்றமா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

மனு

டிசைன் அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம், அது கொல்கத்தாவுக்குப் போகும். இணையத்தில் போடுவது எளிது. ஏஜென்ட் கட்டாயமில்லை. வைத்துக்கொண்டால் அவருக்கு அதிகாரம் தரும் படிவம் 21 வேண்டும்.

மனுவுக்குப் படிவம் 1. கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் 1,000 ரூபாய், மற்றவர்களுக்கு 4,000 ரூபாய். சிறு நிறுவனம் என்று சொல்லிக் குறைந்த கட்டணம் கட்டுவதானால் படிவம் 24ம் அதற்கான சான்றும் சேர்க்க வேண்டும். யார் பெயரில் போடுவது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். கூலி கொடுத்து ஒருவரை வரையச் சொல்லியிருந்தால் உரிமை பணம் கொடுத்தவருக்கு என்பதுதான் சட்டம். ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் பின்னால் நிரூபிப்பது கடினம். கூட்டு வியாபாரத்தில் ஒருவர் பெயரில் மட்டும் போட்டுவிட்டு, பிரியும்போது டிசைன் யாருடையது என்று நிற்பவர்களும் உண்டு.

பொருள் எந்த வகுப்பில் வரும் என்று குறிப்பிட வேண்டும். டிசைன்களை வகை பிரிப்பதற்கான சர்வதேச ஏற்பாடான லொக்கார்னோ உடன்படிக்கையில் இந்தியா 2019 முதல் இருக்கிறது. அந்த வகைப்பாட்டில் 32 வகுப்புகள் உண்டு. துணிக்கு 5, வீட்டுச் சாமான்களுக்கு 7, நகைகளுக்கு 11, பம்பு போன்ற இயந்திரங்களுக்கு 15, விளக்குகளுக்கு 26. ஒரு மனுவில் ஒரு பொருள், ஒரு வகுப்பு. சேர்த்து விற்கும் தேநீர் செட் போன்றவற்றை மட்டும் செட்டாகப் போடலாம். மொட்டு வடிவத்தை முதலில் கேரியருக்குப் பதிந்துவிட்டுப் பிறகு அதே வகுப்பில் இன்னொரு பாத்திரத்துக்கும் நீங்களே பதியலாம். முதல் பதிவைக் காட்டி அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இரண்டாவது பதிவின் ஆயுள் முதல் பதிவின் ஆயுளோடு முடிந்துவிடும்.

படம்தான் பத்திரம்

நிலத்துக்கு எல்லை சொல்வது பத்திரம். டிசைனுக்கு எல்லை சொல்வது படம். நாளைக்கு நீதிபதி உங்கள் கேரியரையும் போட்டியாளர் கேரியரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அளவுகோல் நீங்கள் தாக்கல் செய்த படம்தான். அதனால் இதில் செலவைச் சுருக்காதீர்கள்.

ஏழு பார்வைகள் வேண்டும்: முன், பின், இடது, வலது, மேல், அடி, பிறகு சாய்வாகப் பார்த்தால் தெரியும் முழுத்தோற்றம். ஏ4 தாளில், ஒவ்வொன்றின் கீழும் எந்தப் பார்வை என்று எழுதி, அப்பழுக்கில்லாத பின்னணியில் இருக்க வேண்டும். அளவுக்கோடு, அம்பு, விளக்க வாசகம் எதுவும் வேண்டாம். கேரியருக்குள் இட்லியோ, பிடியைப் பிடித்த கையோ படத்தில் இருக்கக்கூடாது. அடியில் பொறித்த பிராண்ட் பெயரை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். இல்லையென்றால் எழுத்துகளுக்கு உரிமை கோரவில்லை என்று துறப்பு எழுதச் சொல்வார்கள்.

எவர்சில்வருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கண்ணாடி போலப் பளபளக்கும் பரப்பில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழும், படம் எடுப்பவரின் சட்டை ஒரு நிறத் திட்டாகத் தெரியும். பார்ப்பவருக்கு அது பொருளில் உள்ள பட்டையா, வெறும் நிழலா என்று புரியாது. படம் தெளிவில்லை என்று ஆட்சேபம் வரும். வராமல் பதிவாகிவிட்டால் இன்னும் மோசம், இல்லாத கோடு உங்கள் டிசைனின் பகுதியாக ஆகிவிடுகிறது. நாலு பக்கமும் மேலேயும் வெள்ளை வேட்டித் துணி கட்டி, விளக்கை வெளியே வைத்து, துணியில் ஊடுருவி வரும் ஒளியில் எடுத்தால் இது அடங்கும். கைபேசியைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் கீழ் அடுக்கு பருத்தும் மேல் அடுக்கு சிறுத்தும் விழும். மொட்டு வடிவத்துக்கு உரிமை கேட்கிறவருக்கு இது நேரடி நஷ்டம். நாலைந்தடி தள்ளி நின்று ஜூம் செய்து, கேமராவைப் பொருளின் நடு உயரத்தில் வைத்து எடுங்கள். இதெல்லாம் முடியாதென்றால் கணினியில் கோட்டுப்படமாக வரைந்து கொடுப்பது மேல்.

அடிக்கடி வரும் ஆட்சேபம் பார்வைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பது. முழுத்தோற்றத்தில் கிளிப் வலப்பக்கம், முன்பார்வையில் இடப்பக்கம். ஒரு படத்தில் மூடியில் இரண்டு வளையம், மேல்பார்வையில் மூன்று. மாதிரியை ஒரு தடவை திருத்திய பிறகு பழைய படத்தையும் புதிய படத்தையும் கலந்து வைப்பதால் இது நேர்கிறது. திருத்தினால் ஏழையும் திரும்ப எடுத்துவிடுங்கள். சேலை பார்டர் போல ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும் டிசைனில், கோலம் முழுதாக ஒரு தடவையும் அது நீளத்திலும் அகலத்திலும் எப்படித் திரும்புகிறது என்பதும் தெரிய வேண்டும்.

படத்தோடு ஒரு புதுமை வாசகம் எழுத வேண்டும். வழக்கமான வாசகம், 'படங்களில் காட்டியுள்ளபடி டிபன் கேரியரின் வடிவத்திலும் உருவமைப்பிலும் புதுமை உள்ளது' என்ற பொருளில் வரும். இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். முழு உருவமும் புதிதென்றால் அப்படியே விடலாம். அடுக்குகளின் வளைவு மட்டும் புதிது, பிடியும் கிளிப்பும் கடையில் கிடைக்கும் சாதாரணச் சரக்கு என்றால், புதுமை இந்தப் பகுதியில் என்று படத்தில் குறித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் காப்பியடிப்பவர் பிடியை மட்டும் மாற்றிவிட்டு 'இது வேறு' என்பார். கிளிப்பின் இயக்கத்துக்கும் கட்டுமான முறைக்கும் உரிமை கோரவில்லை என்ற துறப்பு வாசகமும் சேரும். வண்ணம் உங்கள் டிசைனின் உயிர் இல்லையென்றால், நிறமில்லாத படமே கொடுப்பது நல்லது.

மனு போட்ட பின்

பரிசோதகர் பார்த்து ஆட்சேபம் இருந்தால் எழுதுவார். மனு தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்து முடிக்க வேண்டும். கேட்டுக்கொண்டால் இன்னும் 3 மாதம் வரை கிடைக்கும். அதையும் தாண்டினால் கைவிட்ட மனுவாகிவிடும். ஆட்சேபக் கடிதம் மின்னஞ்சலில் வந்து யாரும் பார்க்காமல் கிடந்து போன மனுக்கள் உண்டு, ஆகவே தினமும் திறக்கும் முகவரியைக் கொடுங்கள். எல்லாம் சரியானால் சான்றிதழ் வரும், அலுவலக இதழில் வெளியாகும். பதிவுத் தேதி என்பது மனு போட்ட தேதியே.

இந்தப் பதிவு இந்தியாவுக்கு மட்டும். இலங்கைக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ சரக்கு அனுப்புபவர், இங்கே மனு போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அங்கே மனு போட்டால் இந்தியத் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். மூன்று நாடுகளும் இந்தியாவைப் போலவே பாரிஸ் உடன்படிக்கையில் உள்ளவை.

சான்றிதழ் வந்ததும் பலர் மறப்பது ஒன்று. விற்பனைக்கு விடும் பொருளில் பதிவானது என்பதைக் குறிக்கும் சொல்லோ 'ஆர்.டி.' என்ற சுருக்கமோ போட்டு, பதிவு எண்ணையும் பொறிக்க வேண்டும். கேரியருக்கு அடித்தட்டில் லேசரில் பொறித்துவிடலாம். இது இல்லையென்றால், எதிரிக்குப் பதிவு பற்றித் தெரியும் என்றோ, குறியிட எல்லா முயற்சியும் எடுத்தீர்கள் என்றோ காட்டினால் ஒழிய அபராதமும் நஷ்டஈடும் வாங்க முடியாது.

காப்பி வந்துவிட்டால்

டிசைன் திருட்டு குற்றவியல் வழக்கு அல்ல. போலீஸ் வந்து கடையைச் சோதனை போடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி, அதுவும் மாவட்ட நீதிபதிக்குக் குறையாத நீதிமன்றம். 22ஆம் பிரிவு இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒன்று, ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரை வசூலிப்பது. மற்றது, நஷ்டஈடும் தடை உத்தரவும் கேட்பது. முதல் பாதையின் தொகை இன்றைய வழக்குச் செலவுக்கே போதாது. காப்பியைச் சந்தையிலிருந்து இறக்க வேண்டுமானால் தடை உத்தரவுதான் கேட்க வேண்டும்.

நோட்டீஸ் அனுப்பும் முன் காப்பிப் பொருளைக் கடையில் பில்லோடு வாங்குங்கள். பில்லில் தேதி, கடைப் பெயர், மாடல் எண் இருக்கட்டும். ஆன்லைனில் விற்றால் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி சேமியுங்கள். நோட்டீஸ் கிடைத்த மறுநாளே சரக்கு மறைந்துபோகும். இறக்குமதியாக வரும் காப்பி என்றால், பதிவைச் சுங்கத் துறையிடம் பதிந்துவைத்துத் துறைமுகத்திலேயே நிறுத்தவும் விதிகள் உண்டு.

ஒப்பிடுவது கண்ணால்தான், வாங்குபவர் கண்ணால். மில்லிமீட்டர் வித்தியாசம் எண்ணப்படுவதில்லை, மொத்தத் தோற்றம் வெளிப்படையான போலிதானா என்பதே கேள்வி. 'எனக்கும் பதிவு இருக்கிறது' என்று எதிரி சான்றிதழை நீட்டினால் பயப்பட வேண்டாம். பதிவு வைத்திருக்கும் ஒருவர்மேலும் முந்திப் பதிந்தவர் வழக்குப் போடலாம் என்று 2013இல் டெல்லி உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. எதிரி பெரும்பாலும் செய்வது வேறு. உங்கள் பதிவே செல்லாது, முன்பே வெளியானது என்பார். 19ஆம் பிரிவின்படி ரத்து கேட்கும் காரணத்தை எதிர்வாதமாக வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். அப்போது மனுத் தேதிக்கு முந்தைய உங்கள் சமூக ஊடகப் பதிவுகளும் டீலர் கடிதங்களும் மேசைக்கு வரும்.

பதிவின் ஆயுள் 10 ஆண்டு. அது முடியும் முன் படிவம் 3 போட்டு 2,000 ரூபாய் கட்டினால் மேலும் 5 ஆண்டு கிடைக்கும். பெரிய நிறுவனங்களுக்கு 8,000 ரூபாய். 15 ஆண்டுக்கு மேல் எந்த வழியிலும் நீட்டிக்க முடியாது. நீட்டிக்கத் தவறிக் காலாவதியானால், அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் காரணம் காட்டிப் படிவம் 4இல் மீட்டெடுக்கக் கேட்கலாம். அந்த இடைவெளியில் டிசைன் காலாவதியானதை நம்பி வேறொருவர் செய்யத் தொடங்கியிருந்தால் அவர்மேல் அந்தக் காலத்துக்கு வழக்குப் போட முடியாது. டையில் தேய்மானம் பார்க்கக் குறிப்பேடு வைத்திருப்பீர்கள். அதன் முதல் பக்கத்தில் பதிவு எண்ணையும் பத்தாம் ஆண்டின் தேதியையும் எழுதிவையுங்கள்.